ஆமைக்கு ஒரு முழம் மண்

திருப்பூரில் எதற்கும் முதல் மருந்து வேஸ்ட்தான். பனியன் துணியை அடுக்கி வெட்டும்போது கழுத்து வளைவிலும் கை இடுக்கிலும் கழிந்து விழுகிற துண்டுகளுக்கு அந்தப் பெயர். தலையணைக்குள் அதைத்தான் அடைப்போம். வண்டி துடைக்க அது, ஜன்னல் கண்ணாடி உடைந்தால் அடைக்க அது, விரல் அறுபட்டால் சுற்றிக் கட்டவும் அதுதான். நான் கட்டிங் மாஸ்டர். கம்பெனியில் வெள்ளை வேஸ்ட் என் காலடியில்தான் குவியும். அதனால் எங்கள் ஆமை தொட்டியைப் பிறாண்டத் தொடங்கியபோது நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. வெறும் பிளாஸ்டிக்கில் கால் வழுக்குகிறது, மெத்தென்று ஏதாவது விரித்தால் அடங்கிவிடும் என்று நானே முடிவு கட்டி, ஒரு பை நிறைய வேஸ்ட் கொண்டுவந்து விரித்தேன்.

எங்கள் வீட்டில் ஆமைக்கு இரண்டு தொட்டிகள். ஒன்றில் தண்ணீர். இன்னொன்று காய்ந்தது, அதில் ஒரு செங்கல் மட்டும் கிடக்கும். காலையில் ஜன்னல் வழியாக வெயில் விழும் நேரத்தில் அதை எடுத்துக் காய்ந்த தொட்டியில் விடுவோம். காதருகே சிவப்புப் பட்டை போட்ட ஆமை. வாங்கும்போது பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. இதற்குமேல் வளராது என்று கடைக்காரன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்தக் கடைக்காரன் இன்னும் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பான் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

வேஸ்ட் விரித்த மறுநாள் என் மனைவி கூப்பிட்ட குரலில் பதறிப்போய் ஓடினேன். பனியன் துணி வெட்டிய ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே வரும். அந்த நூல் ஆமையின் பின்காலில் சுற்றிச் சுற்றி, நகத்துக்குக் கீழே இறுகி, கால் நீலம் பாரித்து வீங்கிக் கிடந்தது. பிறாண்டப் பிறாண்ட இறுகியிருக்கிறது. அவள் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். துணியில் தொங்கும் பிசிறு நூலை வெட்டுகிற சின்ன டிரிம்மர் எப்போதும் பையில் இருக்கும். ஆமையை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்.

“இனிமே இந்தத் துணிய வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.”

அதற்கு ஆமை மட்டும் காரணமில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு பிள்ளை உண்டானது. எட்டாம் மாதத்தில் அசைவு நின்றுவிட்டது. உள்ளேயே இறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் வலி வரவைத்து எடுத்தார்கள். அவள் மயக்கத்தில் கிடந்தாள். கம்பெனிக்கு ஓடி, ஏற்றுமதிக்கு வைத்திருந்த நல்ல வெள்ளைத் துணி ரோலிலிருந்து வெட்டி வந்து நான்தான் சுற்றினேன். பிறகு யாரோ அதை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்கு வரமாட்டார்கள். அவளுக்கு அது எந்த இடம் என்றும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு எதைப் பற்றியும்கூட அதிகம் பேசவில்லை. சோறு வைப்பாள், வேலைக்கு வருவாள், திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

கோயமுத்தூருக்கு மெஷின் சாமான் வாங்கப் போன ஒரு நாளில்தான் மீன் கடை வாசலில் அந்த நாணய அளவு ஆமையைப் பார்த்தேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இவ என்ன திம்பா?” என்று கேட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே அன்றிலிருந்து அவளுக்கு அது ‘இவ’. ஊரிலிருந்து நெத்திலிக் கருவாடு வரவழைத்து, உப்புப் போக ஊறவைத்துக் கொடுப்பாள். கீரை நறுக்கினால் முதல் தண்டு அதற்குத்தான். ஆமையிடம் பேசத் தொடங்கி, பிறகு என்னிடமும் பேசினாள். அந்த ஆமை எனக்கு என் மனைவியைத் திருப்பிக் கொடுத்தது. இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நாங்கள் ஒளித்து ஒளித்துத்தான் செய்தோம். பிள்ளை போன பிறகு, திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலுக்குக் குடிவந்திருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி. வீட்டுக்காரம்மா பரம்பரையான விவசாயக் குடும்பம். இருந்த தோட்டத்தில் பாதியை சைட் போட்டு விற்று, மகன் பனியன் கம்பெனி வைத்திருந்தான். ஆமை இருக்கும் வீடு விளங்காது என்று அந்த அம்மா உறுதியாக நம்பினார். அதனால் எங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது மீன் என்று சொல்லி வைத்திருந்தோம். அவர் வாடகை வாங்க வந்தாலும் வாசலோடு சரி.

நூலை வெட்டி எடுத்த பிறகும் பிறாண்டல் நிற்கவில்லை. காய்ந்த தொட்டியில் விட்டால் மூலைக்குப் போய், பின்காலால் மாற்றி மாற்றி அடியைச் சுரண்டியது. தண்ணீரில் விட்டால் மேலே ஏறத் துடித்தது. நெத்திலியை மூக்கருகே வைத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. இப்படியே நாட்கள் போகப் போக என் மனைவி பேச்சைக் குறைத்தாள். நான் அதைத்தான் கவனித்தேன். ஆமை சாப்பிடாததைவிட அவள் பேசாததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கட்டைப்பைக்குள் துண்டு விரித்து ஆமையை வைத்து, மொபெட்டில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். ஆடும் எருமையுமாக நின்ற கூட்டத்தில் எங்கள் பையை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். பின்காலுக்கு முன்னால் இருக்கிற குழிவான இடத்தில் இரண்டு பக்கமும் விரலை விட்டு மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

“முட்டைங்க,” என்றார். “நாலஞ்சு தட்டுப்படுது. ஜோடி இருக்குதுங்களா?”

“இல்ல சார். ஒத்தையாத்தான் வளக்கோம்.”

“அப்பப் பொரிக்காதுங்க. சேவல் இல்லாம கோழி முட்டை போடறாப்லதான். ஆனா வெளிய வந்தாகோணும். உள்ளயே நின்னுபோச்சுன்னா அப்பறம் உசுருக்கே ஆகாதுங்க.”

“ஊசி ஏதாவது போடலாமா சார்?”

“மாட்டுக்குப் போடறதை அளவு தெரியாம இதுக்குப் போட முடியாதுங்க. மண்ணு வெச்சுப் பாருங்க. ஒரு முழ ஆழம் வேணும். பிடிச்சா பிடி நிக்கிற ஈரம் இருக்கோணும், வெதுவெதுன்னு இருக்கோணும். இது மண்ணுல குழி தோண்டித்தானுங்க முட்டை போடும். எடம் பிடிக்கலீன்னா அடக்கி வெச்சுக்கும். அதான் உங்க தொட்டியைப் போட்டுச் சொரண்டுது.”

திரும்பும் வழியில் அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

“எனக்கும் இப்படித்தான சொன்னாங்க. உள்ளயே நின்னா உசுருக்கு ஆகாதுன்னு.”

கேட் திறந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்தேன். இந்த ஆமை செத்தால் இவளை இரண்டாம் முறை சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்ப என்னால் ஆகாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு முழம் மண். சொல்லும்போது என்ன பெரிய விஷயம் என்றுதான் தோன்றும். எங்கள் காம்பவுண்டு முழுக்க சிமெண்ட். துவைக்கிற கல்லைச் சுற்றி சிமெண்ட், வாசலில் சிமெண்ட், சாக்கடைக்கு மேல் சிலாப். வெளியே வந்தால் தார் ரோடு, ரோட்டோரத்தில் கம்பெனிகள் கொட்டிய கட்டிடக் கழிவு. இத்தனை வருடம் இந்த ஊரில் நடந்த நடையில் மண்ணை மிதித்தேனா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

மண் இருந்தது. அதுதான் கொடுமை. ஆமைத் தொட்டிக்கு வெயில் வருகிற ஜன்னலுக்கு வெளியே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், வீட்டுக்காரம்மாவின் மிச்சத் தோட்டம். தென்னை, கொஞ்சம் மாட்டுத் தீவனச் சோளம், நல்ல செம்மண். வாய்க்காலில் தண்ணீர் விடும்போது அந்த வாசனை எங்கள் அடுப்படி வரைக்கும் வரும். ஆனால் அந்த மண்ணைக் கேட்க முடியாது. முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்த பெண் ரோஜாச் செடி வைக்க ஒரு சட்டி மண் அள்ளி வந்துவிட்டாள். வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல், “அள்ளுன எடத்துலயே கொட்டிப்போடுங்க அம்முணி,” என்றார். கொட்டும்வரை நகரவில்லை. அவர்கள் குடும்பத்தில் நிலம் விற்றால், விற்பவர் அந்த நிலத்து மண்ணை ஒரு கை அள்ளி வாங்குகிறவர் கையில் கொடுப்பது வழக்கம். மாமனார் காலத்திலிருந்து அப்படி அள்ளி அள்ளிக் கொடுத்துத்தான் தோட்டம் இந்த அளவுக்குச் சுருங்கியது. மண்ணை அள்ளிக் கொடுப்பது நிலத்தையே கொடுப்பது மாதிரி என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ரோஜாச் செடி அந்த வாரமே காய்ந்தது.

அதனால் வேறு வழிகளைப் பார்த்தேன். முதலில் மரக்கடை. மரத்தூள் சும்மாவே கொடுத்தார்கள், இரண்டு மூட்டை. தொட்டியில் கொட்டி, தண்ணீர் தெளித்து ஆமையை விட்டோம். ஆவலோடு போய்த் தோண்டியது. தோண்டியதெல்லாம் பொசுபொசுவென்று மேலே வந்ததே தவிர குழியாக நிற்கவில்லை. தூள் ஈரக் கண்ணில் அப்பி, சாயங்காலத்துக்குள் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. அவள் சுடவைத்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்து எடுத்தாள்.

கம்பெனியில் ஒரு டெய்லர் காங்கேயம் பக்கத்துக்காரர், தென்னை நார்க்கழிவு கொண்டுவந்து தந்தார். தண்ணீர் பிடிக்கும், மெத்தென்று இருக்கும், ஆமைக்கு அதைவிட நல்லது கிடையாது என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மூட்டையைப் பிரித்தால் உள்ளே எறும்பு குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. தெருவில் கொட்டி உதறி, வெயிலில் போட்டு, என் கை கால் எல்லாம் கடிபட்டதுதான் மிச்சம். வீங்கிய கண்ணோடு இருக்கிற பிராணியை எறும்புக்கு நடுவில் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

கோயமுத்தூருக்குப் போனேன். அதே மீன் கடை. ஆமைக்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த மண் என்று பளபளக்கிற பை ஒன்றை எடுத்து வைத்தான். எங்கள் தொட்டிக்கு ஒரு முழ ஆழம் வேண்டுமென்றால் எத்தனை பை ஆகும் என்று கேட்டேன். அவன் சொன்ன தொகை சனிக்கிழமை வாங்குகிற என் வாரச் சம்பளத்தில் அடங்காது, அடுத்த சனிக்கிழமையைச் சேர்த்தாலும் அடங்காது.

“மண்ணுக்காய்யா இந்த விலை?” என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப உங்க வீட்டுத் தோட்டத்து மண்ணையே போடுங்க சார். அதுவே நல்லா இருக்கும்,” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

அடுத்தது மணல். புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக் கட்டிடத்தின் வாட்ச்மேனிடம் கெஞ்சி ஒரு சாக்கு மணல் வாங்கினேன். இந்த முறை ஆமை நிஜமாகவே குழி தோண்டியது. ஒரு சாண் போனதும் பக்கவாட்டு மணல் சரிந்து குழி மூடிக்கொண்டது. மறுபடி தோண்டியது. மறுபடி சரிந்தது. தண்ணீர் ஊற்றிக் கெட்டிப்படுத்தினால் அடியில் இருந்த ஜல்லித் துணுக்கு நகத்தைக் கிழித்தது. கடைசியில் தோண்டுவதை நிறுத்திவிட்டு, கழுத்தை முழுக்க வெளியே நீட்டி, தாடையை மணலில் வைத்துக் கிடந்தது. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால், “அவ சாப்பிடலையே,” என்றாள்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. கடப்பாரையும் சாக்கும் எடுத்துக்கொண்டு ஊருக்குக் கீழே ஓடை இருக்கிற பக்கம் போனேன். கரையில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. மேலே புல்கூட இருந்தது. சந்தோஷமாகத் தோண்டினேன். ஒரு சாண் இறங்கியதும் மண்ணின் நிறம் மாறியது. நீலம். சாயத்தண்ணீர் ஊறி ஊறி, பிளந்த கட்டிக்கு உள்ளே வரைக்கும் நீலமாக இருந்தது. அள்ளி முகர்ந்தேன், மருந்து நெடி. நாலடி தள்ளித் தோண்டினேன், அங்கே ஊதா. நான் வெட்டிப் போடுகிற துணிக்கெல்லாம் ஏறிய சாயத்தின் மிச்சம்தானே இது என்று தோன்றியதும் கடப்பாரையை வீசி எறிந்தேன்.

எறிந்த கடப்பாரை ஒரு கல்லில் பட்டு ணங்கென்று அடித்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு மொத்தமும் திரும்பி வந்தது. பிள்ளையைக் கொண்டுபோன அன்றும் இதே சத்தம்தான். இடுகாட்டில் எங்களுக்குக் காட்டிய மூலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். மூன்று பேரும் மாறி மாறிக் குத்தினோம். ஒவ்வொரு குத்துக்கும் கடப்பாரை திரும்பி எகிறியது. ஒரு முழம்கூட இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது, கூட வந்தவர்கள் போதும் என்றார்கள். வைத்து, மேலே இருந்த மண்ணைத் தள்ளி, நாய் தோண்டாமல் இருக்கக் கல் அடுக்கிவிட்டு வந்தோம். ஓடைக் கரையில் அந்த நீல மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். ஒரு பிள்ளைக்கும் கொடுக்க முடியவில்லை, ஒரு ஆமைக்கும் கொடுக்க முடியவில்லை, அப்படி என்ன பெரிய ஆழத்தையா கேட்கிறார்கள் என்று யாரையோ திட்டினேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் என் திட்டத்தைச் சொன்னேன். வீட்டுக்காரம்மா கோயிலுக்குப் போகிற நேரத்தில் வேலி தாண்டி இரண்டு சாக்கு அள்ளிவிடுவது. அவர்கள் வீட்டு நாய்க்கும் என்னைத் தெரியும்.

“களவாண்ட மண்ணு வேண்டாம்,” என்றாள்.

“வேற என்ன செய்யச் சொல்லுத? நீயே சொல்லு.”

அவள் எழுந்தாள். ஆமையைத் துண்டில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். வாசலைத் தாண்டி, லைன் வீடுகள் முழுக்கப் பார்க்க, நேராக வீட்டுக்காரம்மா வீட்டை நோக்கி நடந்தாள். ஒளித்து வைத்திருந்த அத்தனை வருடமும் பட்டப்பகலில் அவள் கையில் தலையை நீட்டிக்கொண்டு போனது. நான் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்பதுதான் என் தலையில் ஓடியது.

வீட்டுக்காரம்மா மாட்டுத் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

“ஏனுங்க அம்முணி, இதென்ன கெரகம்? எங்கிருந்து வந்துச்சு?”

“எங்க வீட்டுலதாங்க்கா இருக்கு. வந்த வருசத்துலருந்து இருக்கு. மீனுன்னு சொன்னது பொய்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“எங்கூட்டுக்குள்ளயே வெச்சிருந்தீங்களா? ஏனுங்க மாஸ்டரு, உங்களுக்காச்சும் தெரிய வேண்டாமுங்களா?”

“வயித்துல முட்டை இருக்குக்கா,” என்றாள் என் மனைவி. “மண்ணுலதான் போடுமாம். மண்ணில்லாம அடக்கி வச்சுக்கிட்டுச் சாகக் கிடக்கா. உங்க தோட்டத்துல ஒரு சாக்கு மண்ணு குடுங்க.”

“நாங்க மண்ணு குடுக்கறதில்லீங்க. தெரியுமில்ல உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வந்து கேக்கறீங்க?”

“வேற எங்க போய்க் கேப்பேன்?”

துண்டுக்குள் ஆமை பின்காலால் அவள் முழங்கையைச் சுரண்டியபடி இருந்தது. அவள் கையை மாற்றவில்லை. கோடு கோடாக ரத்தம் தெரிந்தது. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்தார். பிறகு குழாயை மூடினார்.

“மண்ண அள்ளித் தரமாட்டனுங்க. அது முடியாது,” என்றார். “சுமந்துட்டு வந்து நிக்கறதை வாசல்ல நிறுத்தறதும் பாவம். அதைத் தோட்டத்துக்குக் கொண்டாங்க.”

எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை நாளும் மண்ணைத் தொட்டிக்குக் கொண்டுவரத்தான் ஊரெல்லாம் அலைந்தேன். ஆமையை மண்ணுக்குக் கொண்டுபோகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கம்பிக் கதவைத் திறந்துகொண்டே அந்த அம்மா சொன்னார். “முட்டையிட்டதுக்கப்பறம் மறுபடி ஊட்டுக்குள்ள கொண்டு போகப்படாதுங்க. அந்தப் பழைய தண்ணித் தொட்டி சும்மாதான் கெடக்குது. அதுல வேணா கெடக்கட்டும். சொல்லிப்போட்டேன்.”

அவள் சரி என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

தென்னைக்குப் பாய்ந்த வாய்க்கால் ஓரத்தில் இறக்கி விட்டாள். ஆமை நெடுநேரம் அசையவில்லை. பிறகு மூக்கை மண்ணில் அழுத்திக்கொண்டு கொஞ்சம் நடந்தது. நின்றது, திரும்பியது, வேறொரு பக்கம் நடந்தது. நான் செத்தேன் பிழைத்தேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்தபோது ஒரு தென்னையின் தூருக்குப் பக்கத்தில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்தது. தன் உடம்பிலிருந்தே தண்ணீர் விட்டு மண்ணை நனைத்துக்கொண்டு, இடது கால் ஒரு கை மண், வலது கால் ஒரு கை மண் என்று அள்ளி அள்ளி வெளியே வைத்தது. குழி சரியவில்லை. மண் பிடித்து நின்றது. நாங்கள் மூவரும் தள்ளி வரப்பில் உட்கார்ந்து, பேசினால் நிறுத்திவிடுமோ என்று பயந்து, பேசாமல் இருந்தோம்.

முதல் முட்டை விழுந்தபோது என் மனைவி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. வெள்ளையாக, நீளவாக்கில், ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் முடிந்ததும் ஆமை பின்காலாலேயே மண்ணைத் தள்ளி மூடி, மேலே மிதித்து மிதித்து அழுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து நடந்தது. அவள் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். வாங்கிய அன்றிலிருந்து அதை அவள் முத்தமிட்டு நான் பார்த்ததில்லை. அன்று அதன் முதுகில் முத்தமிட்டாள்.

“எப்பப் பொரியுமுங்க?” என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

“பொரிக்காதுக்கா. சோடி கிடையாது.”

“பொரிக்காததுக்கா இத்தனை பாடு பட்டீங்க?”

“வெளிய வந்தாத்தான அவ பொழைப்பா.”

சொல்லிவிட்டு ஆமையை என்னிடம் கொடுத்தாள். முட்டை மூடிய இடத்தில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே மூடியிருந்த மண்ணை உள்ளங்கையால் இன்னும் கொஞ்சம் நிரவினாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அன்னைக்கு நீங்க எவ்வளவு ஆழம் தோண்டுனீங்க?”

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று தெரிந்து, நான் என்னென்னவோ பதில் தயாராக வைத்திருந்தேன். நல்ல இடம், நல்ல ஆழம், பக்கத்தில் மரம் இருக்கிறது என்றெல்லாம். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஆமையை இடுக்கிக்கொண்டு, விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு வெகு முன்னாலேயே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“இவ்வளவுதான். கல்லு. எறங்கல.”

“மேல?”

“கல்லுதான் வச்சோம்.”

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தெரிந்த பதிலை ஒத்துப் பார்த்த மாதிரி இருந்தாள். வீட்டுக்காரம்மா என்னவென்று கேட்டார். அவளே சொன்னாள். எட்டாம் மாதம் என்பதையும், இடத்தைப் பார்த்ததில்லை என்பதையும். இத்தனை வருடம் எங்களிடம் வாடகை வாங்கியவருக்கு எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று மட்டும்தான் தெரியும். எந்த மாதம் நல்ல செய்தி என்று நாலு பேர் முன்னால் கேலியாகக் கேட்டதும் உண்டு.

ஆமையைச் சுற்றிக்கொண்டு வந்த துண்டு வரப்பில் கிடந்தது. அந்த அம்மா அதை எடுத்து உதறி விரித்தார். கொஞ்சம் தள்ளிப் போய் வாய்க்கால் மேட்டில் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டார். மறுபடி அள்ளினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி அடக்கினார். துண்டு கனக்கிற அளவுக்கு அள்ளி, நாலு முனையையும் சேர்த்து முடிந்து, என் மனைவியின் கையில் வைத்தார்.

“கொண்டு போய் மேல போடுங்க கண்ணு,” என்றார். பிறகு என்னிடம், “லைன்ல ஆருகிட்டயும் சொல்லிக்க வேண்டாங்க,” என்றார். ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டுத்தான் அவர் எங்களை வெளியே விட்டார். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் இடுகாட்டுக்குப் போனோம். பெண்கள் வரக்கூடாது என்று யாராவது சொன்னால் சண்டை போடத் தயாராகத்தான் போனேன். யாருமே இல்லை. இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. கல் எல்லாம் வைத்தபடியே இருந்தது. அவள் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். துண்டின் முடிச்சை அவிழ்த்து மண்ணைக் கொட்டினாள். வெள்ளைத் தரையில் அது மட்டும் சிவப்பாக இருந்தது. நாலு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தி அழுத்திக் கெட்டியாக்கினாள். பிறகு கல்லை மறுபடியும் அடுக்கினோம். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப ஒரு முழம் இருக்குமா?” என்று கேட்டாள்.

இருக்கும் என்றேன்.